கிராம் சாயமேற்றலில் செல்சுவரின் பங்கு

கிராம் சாயமேற்றல் பாக்டீரியங்களை இரு பெரும் பிரிவுகளாகப் பகுத்துக் காட்டும் முறையாகும். படிக ஊதாச் சாயத்தைத் தக்கவைப்பவை கிராம் நேர் பாக்டீரியங்கள்; அதை இழந்து சஃப்ரானினின் இளஞ்சிவப்பை ஏற்பவை கிராம் எதிர் பாக்டீரியங்கள். இரு பிரிவுகளும் முதலில் ஊதாவை ஏற்கவே செய்கின்றன. ஏற்ற சாயத்தை எவை இழக்கின்றன என்பதில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. ஆகவே இச்சோதனை நேரடியாக அளப்பது செல்சுவரின் தாங்குதிறனையே; பாக்டீரியங்களின் இன உறவை அன்று.

டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் இம்முறையை வெளியிட்டார். அப்போது அவர் பெர்லினில் கார்ல் ஃபிரீட்லாண்டருடன் பணியாற்றி, நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை ஆராய்ந்துவந்தார். திசுவின் உட்கருக்களும் சாயத்தை ஏற்றதால் அவற்றினிடையே பாக்டீரியங்களைப் பிரித்தறிவது கடினமாயிற்று. அயோடினைச் சேர்த்து ஆல்கஹாலால் கழுவியபோது உட்கருக்கள் நிறமிழந்தன; பாக்டீரியங்கள் ஊதாவாகவே நின்றன. பாக்டீரியங்களை வகைப்படுத்துவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. டைஃபாய்டுக் கிருமி இம்முறையில் நிறமிழந்ததை அவரே பதிவு செய்தார். திசுவில் கிருமியைத் தேடுபவருக்கு அது குறையாகவே படும். பிற்காலத்தில் அதுவே பகுப்பின் அடிப்படையாயிற்று. எதிர்ச்சாயமாகச் சஃப்ரானின் வழக்கில் வந்ததும் கிராமுக்குப் பின்னரே.

இன்றைய செய்முறை நான்கு படிகளைக் கொண்டது. கண்ணாடி வில்லையில் மாதிரியை மெல்லிய பூச்சாகப் பரப்பி, உலர்த்தி, இளஞ்சூட்டில் பதியவைத்தபின் படிக ஊதா சுமார் ஒரு நிமிடம் ஊற்றி வைக்கப்படுகிறது. அடுத்து அயோடின் கரைசல் அதே அளவு நேரம் இடப்படுகிறது. மூன்றாவதாக ஆல்கஹால் அல்லது ஆல்கஹால்-அசிட்டோன் கலவை சில நொடிகள் மட்டும் ஓடவிடப்பட்டு உடனே நீரால் கழுவப்படுகிறது. இறுதியாகச் சஃப்ரானின் இடப்படுகிறது. எண்ணெய் அமிழ்வு லென்சின்கீழ் ஏறத்தாழ 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் பூச்சு காணப்படுகிறது.

முதல் இரு படிகளில் இருவகைச் செல்களும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. நேர் மின்னூட்டம் கொண்ட படிக ஊதா அயனிகள் உட்புகுகின்றன. அயோடின் அவற்றுடன் சேர்ந்து, நீரில் எளிதில் கரையாத பெரிய கூட்டுப்பொருளை உருவாக்குகிறது. ஆல்கஹால் பட்டவுடன் அவற்றின் வழிகள் பிரிகின்றன. கிராம் நேர் பாக்டீரியங்களில் பெப்டிடோகிளைக்கான் அடுக்கு பொதுவாக 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன் உடையது. ஆல்கஹால் அதன் நீரை நீக்க, வலைப்பின்னல் சுருங்கி இடைவெளிகள் குறுகுகின்றன. கூட்டுப்பொருள் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கிராம் எதிர் பாக்டீரியங்களில் அந்த அடுக்கு சில நானோமீட்டரே. அதற்கு வெளியே லிப்போபாலிசாக்கரைடு கொண்ட சவ்வு ஒன்று உள்ளது. ஆல்கஹால் இவ்வெளிச்சவ்வைச் சிதைக்கிறது; எஞ்சும் மெல்லிய அடுக்கால் சாயத்தைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை.

இவ்விளக்கத்துக்குச் சோதனைச் சான்றுகள் உள்ளன. 1983-இல் பெவரிட்ஜும் டேவிஸும் அயோடினுக்கு மாற்றாகப் பிளாட்டினச் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தி, சாயக்கூட்டின் போக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தனர். எஷ்செரிச்சியா கோலையின் வெளிச்சவ்வு சிதைந்து சாயம் வெளியேறியது. பேசில்லஸ் சப்டிலிஸின் தடித்த சுவர் அதைத் தடுத்து வைத்தது. சுவர் நீக்கப்பட்ட கிராம் நேர் செல் கிராம் எதிராகவே தோன்றுவதும் இதையே உறுதிப்படுத்துகிறது. முதிர்ந்த வளர்ப்புகளில் சுவர் நலிவதால் பேசில்லஸ், கிளாஸ்டிரிடியம் முதலியவை இளஞ்சிவப்பாகத் தெரியக்கூடும். ஆல்கஹாலை அதிக நேரம் ஓடவிட்டால் கிராம் நேர் செல்களும் நிறமிழக்கும். எனவே இளம் வளர்ப்பைப் பயன்படுத்துவதும், தெரிந்த இரு பாக்டீரியங்களை ஒப்பீட்டுக்காக உடன் சாயமேற்றுவதும் இன்றியமையாதவை.

சுவர் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக உள்ள இடங்களில் இம்முறையின் எல்லை தெரிகிறது. காசநோய்க் கிருமியின் மைக்காலிக் அமிலச் சுவர் சாயங்களை எளிதில் உள்ளே விடாது. அதற்கு ஜீல்-நீல்சன் முறை தேவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. மேகநோயை உண்டாக்கும் டிரெபோனிமா சாதாரண ஒளி நுண்ணோக்கியில் காண இயலாத அளவு மெல்லியது. டீனோகாக்கஸ் வெளிச்சவ்வு பெற்றிருந்தும், தடித்த சுவரால் ஊதாவைத் தக்கவைக்கிறது. வெய்லோனெல்லா கிராம் நேர் பாக்டீரியங்கள் மிகுந்த பெருந்தொகுதியைச் சேர்ந்தது. ஆயினும் வெளிச்சவ்வு உடையதால் கிராம் எதிராகத் தோன்றுகிறது. கடைசி இரண்டும் நிறம் வம்சாவளியைக் காட்டும் சான்றாகாது என்பதை நிறுவுகின்றன.

மருத்துவத்தில் இச்சோதனை பெற்றுள்ள மதிப்புக்கும் செல்சுவரே காரணம். வான்கோமைசின் மூலக்கூறு பெரிதாகையால் வெளிச்சவ்வைக் கடக்க இயலாது. ஆகவே கிராம் எதிர் கிருமிகளுக்கு எதிராக அது பொதுவாகப் பயன்தராது. அவற்றின் லிப்போபாலிசாக்கரைடு, குருதியில் பரவும்போது அதிர்ச்சி நிலையைத் தூண்டவல்ல உள்நச்சாகச் செயல்படுகிறது. மூளைத் தண்டுவட நீரில் ஈட்டிமுனை வடிவ ஊதா இணைக்கோளங்கள் தெரிந்தால் நியூமோகாக்கஸையும், இளஞ்சிவப்பு இணைக்கோளங்கள் தெரிந்தால் மெனிஞ்சோகாக்கஸையும் ஐயுறலாம். வளர்ப்பு முடிவு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இக்குறிப்பு சில நிமிடங்களில் கிடைத்து, தொடக்கச் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. எனினும் இனத்தை உறுதிசெய்ய வளர்ப்பு, உயிர்வேதியியல், மரபணுச் சோதனைகள் வேண்டும். நிறத்துடன் செல்லின் வடிவம், அடுக்கமைவு, மாதிரி எடுக்கப்பட்ட இடம் ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்கும்போதே கிராம் சாயமேற்றலின் முடிவு பொருளுடையதாகிறது.