ஒரு தோளின் விலை

உழைக்கும் உடம்புக்கு விலை குறிப்பது கண்டிச் சீமைக்குப் புதிதன்று. தோட்டக் கூலியாள் ஒருவன் வேறு தோட்டத்துக்குப் பெயரும்போது ‘துண்டு’ என்றொரு சீட்டும் அவனோடு சென்ற காலம் உண்டு. அவன் பட்ட கடன் அதிலே எழுதப்பட்டிருக்கும். கடனைக் கட்டும் துரைக்கே ஆள் விடப்படுவான். திறமையன்று, கடனே அவன் விலை. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டிலேதான், தேயிலைத் தோட்ட வேலைக்கென முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தார். பேரன் 1972 இல் கண்டியிற் பிறந்தார். புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றார். தந்தையார் பிஸ்கட் தொழில் நடத்தியவராதலால் அவர் கொழுந்துக் கூடை சுமக்க நேரவில்லை. எனினும் அவர் தோளுக்கும் ஒருநாள் விலை பேசப்பட்டது.

2004 ஆகஸ்டில் அத்தோளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 32; 91 டெஸ்ட் ஆட்டங்களில் 532 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். காயத்திலிருந்து மீளும் பந்துவீச்சாளரை எவ்வாறு மதிப்பது? பழைய கணக்கு, பழுதுபடாத தோளின் கணக்கு. வேகப்பந்து வீச்சாளருக்கு வேகமே முதல். தோள் தளர்ந்தால் முதலே போயிற்று. முரளியின் சுழற்சியிலோ பெரும்பங்கு மணிக்கட்டினது. இதனைக் காணாது வயதையும் காயத்தையும் மட்டும் கூட்டிக் கழிப்பவர் ஏமாந்துபோவார்.

இன்னொன்று உடம்புக்கு வெளியே இருந்தது. பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை அவருடையது. பந்தை எறிகிறார் என்று 1995 இல் மெல்பேர்ணிற் குற்றஞ்சாட்டப்பட்டார். 2004 இல் அவருடைய ‘தூஸ்ரா’ பந்து தடைக்குள்ளாயிற்று. அவர் டெஸ்ட் அணிக்கு வெளியே இருந்த 2005 மார்ச்சில், வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாமெனச் சர்வதேச விதி மாறிற்று. தோள் அதே தோள்தான். விதி மாறியதும் அதன் பெறுமதியும் மாறிற்று.

2005 ஜூலையில், சொந்த ஊரின் அஸ்கிரிய மைதானத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் 8 விக்கெட்டுகளை 46 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 2010 இல் டெஸ்டிலிருந்து ஓய்வுபெற்றபோது 133 ஆட்டங்கள், 800 விக்கெட்டுகள். கழித்துப் பாருங்கள்: சிகிச்சைக்கு முன் ஆட்டமொன்றுக்கு ஆறு விக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு, பின்னர் ஆறுக்கு மேல்!

சந்தையின் கணக்கோ வேறு. 2008 இன் இந்திய ஏலத்திற் சென்னை அணி அவரை 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. 2011 இல், 38 வயதில், கொச்சி அணி 11 இலட்சம் கொடுத்தது. அடுத்த ஆண்டு பெங்களூர் அணி கொடுத்தது 2,20,000. ஓராண்டில் தோள் ஐந்திலொன்றாய்த் தேய்ந்துவிட்டதா? இல்லை; இடையிற் கொச்சி அணியே கலைக்கப்பட்டது. ஆட்டமொன்றுக்கு 24 பந்துகளுக்கு மேல் வீச இடமில்லாத போட்டிக்கு இத்தனை விலை என்பதையும் மறவாதீர்கள்.

அஸ்கிரியவிலிருந்து சற்றுத் தொலைவு மலையேறினாற் கொழுந்துக்காடு. அங்கே மதிப்பிடுவது தராசு. நிறை குறைந்தால் அரைப்பேர். முப்பது ஆண்டு பறித்த கொழுந்து அன்றைய கணக்கிற் சேராது. வேலை விபத்திற் கை போனால் இவ்வளவு, விரல் போனால் இவ்வளவு என்று 1934 இன் நட்டஈட்டுச் சட்டம் விகிதம் வகுத்திருக்கிறது. முரளியின் தோள் ஆறுவதற்கு டெஸ்ட் அணி ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தது. கூடைக்காரியின் தோள் வலித்தாலும், மறுநாள் விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் அவள் நிற்கவேண்டும்.