முற்றுப்பெறாத இறுதிப்போட்டி: கொள்ளைநோய்க் காலமும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் நலப் பாதுகாப்பும் (1919, 2020)

முன்னுரை

கொள்ளைநோய்க் காலத்தில் விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் யாரைக் காக்கின்றன என்னும் வினா தொழில்முறை விளையாட்டில் கூர்மை பெறுகிறது. வீரரின் உடலே அங்கு உழைப்புக் கருவி. அவர் களமிறங்கினால்தான் வருவாய் உண்டு. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உயரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு 1919இலும் 2020இலும் நடந்த இறுதிப்போட்டிகளை ஒப்புநோக்கி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சியாட்டில், 1919

இன்புளுயன்சா பரவலைத் தடுக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1918 அக்டோபர் தொடக்கத்தில் பள்ளிகளும் திரையரங்குகளும் வழிபாட்டிடங்களும் மூடப்பட்டன. பின்னர் முகக்கவசமும் கட்டாயமாயிற்று. முதல் உலகப்போர் நின்ற நவம்பரில் இக்கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. இவை யாவும் மக்கள் கூடுவதைத் தடுக்கும் நோக்குடையவை. எனவே, அவை நீங்கியதும் அரங்குகள் நிரம்புவதற்குத் தடை இருக்கவில்லை.

1919 மார்ச் மாதம் சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியை எதிர்த்து ஆட மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி அந்நகருக்கு வந்தது. ஐந்து ஆட்டங்களின் முடிவில் இரு அணிகளும் இவ்விரண்டு வெற்றி பெற்றிருந்தன. ஓர் ஆட்டம் கூடுதல் நேரத்திற்குப் பின்னும் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. ஏப்ரல் 1 அன்று நடைபெறவிருந்த தீர்மான ஆட்டம் சில மணி நேரத்திற்கு முன் கைவிடப்பட்டது. மான்ட்ரியல் வீரர்கள் ஐவரும் மேலாளர் ஜார்ஜ் கென்னடியும் நோயுற்றிருந்தனர். வீரர் ஜோ ஹால் ஏப்ரல் 5 அன்று சியாட்டிலிலேயே நிமோனியாவால் இறந்தார்.

ஆட்டம் கைவிடப்படுவதற்கு முன் நிகழ்ந்தவை கருதத்தக்கவை. விக்டோரியா அணியிலிருந்து மாற்று வீரர்களைப் பெற்று ஆட கென்னடி அனுமதி கோரினார், அது மறுக்கப்பட்டது. கோப்பையை விட்டுக்கொடுக்க அவர் முன்வந்தபோது, நோயால் வீழ்ந்த அணியிடமிருந்து அதனைப் பெறச் சியாட்டில் பயிற்றுநர் பீட் மல்டூன் இசையவில்லை. மல்டூனின் பெருந்தன்மை போற்றத்தக்கதே. ஆயினும், நோயாளியைக் களத்திலிருந்து விலக்குவது அங்குச் சிக்கலாக எழவில்லை. அணிக்கு ஆள் போதாமையே சிக்கலாக எழுந்தது. ஆட்டத்தை நிறுத்தியது வீரர்களின் உடல் தளர்ச்சியே.

எட்மன்டன், 2020

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச் 12 அன்று தேசிய ஹாக்கி லீக் தன் ஆட்டங்களை நிறுத்தியது. மீண்டும் தொடங்குவதற்கான நெறிமுறைகளை லீக், வீரர் சங்கத்துடன் பேச்சு நடத்தி வகுத்தது. ஜூலையில் வீரர்கள் அவற்றை வாக்களித்து ஏற்றனர். ஆட விரும்பாதவர் தண்டனையின்றி விலகிக்கொள்ளும் உரிமையும் அவற்றுள் அடங்கும். ஆகஸ்டு 1 முதல் கனடாவின் டொரன்டோ, எட்மன்டன் ஆகிய நகரங்களில் வெளித்தொடர்பு துண்டிக்கப்பட்ட வளாகங்களில், நாள்தோறும் பரிசோதனை செய்து, பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடைபெற்றன. செப்டம்பர் 28 அன்று டாம்பா பே லைட்னிங் அணி கோப்பையை வென்றது.

இதனை மருத்துவ வளர்ச்சியின் பயனாக மட்டும் கொள்வது பொருந்தாது. பரிசோதனைக் கருவி நோயைக் கண்டறியும். 'ஆடமாட்டேன்' என்று கூறும் உரிமையை அது தராது. அவ்வுரிமை கூட்டுப்பேரத்தால் கிட்டியது. இப்பாதுகாப்புக்கு விலையும் இருந்தது: இறுதிவரை ஆடிய வீரர்கள் ஏறத்தாழ இரு மாதங்கள் வளாகத்திற்குள் அடைபட்டிருந்தனர்.

முடிவுரை

1919இல் நலவிதிகள் பார்வையாளர் கூட்டத்தை நோக்கியவை. 2020இல் அவை வீரரையும் உழைப்பாளராக ஏற்றுத் தம் எல்லைக்குள் கொண்டுவந்தன. தொற்றுக்காலப் பாதுகாப்பின் வரலாற்றை மருத்துவ வரலாற்றோடு தொழிலாளர் உரிமை வரலாற்றையும் இணைத்தே எழுத வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. ஸ்டான்லி கோப்பையில் 1919ஆம் ஆண்டுக்கு நேரே இரு அணிகளின் பெயர்களும், தொடர் நிறைவுறவில்லை என்னும் குறிப்பும் பொறிக்கப்பட்டுள்ளன. ஜோ ஹாலின் இறப்பு அக்குறிப்பில் இடம்பெறவில்லை.