மாத்தளைக்கு வந்த நீர்

மத்திய மலைநாட்டின் வடக்கு வாயிலாக விளங்குவது மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் தொழில் நாடிப் புறப்பட்ட தமிழக மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை ஆகிய ஊர்களின் வழியாக, 100 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகக் கடந்தே இந்நகரை அடைந்தனர். 1841 முதல் 1849 வரை வந்தோருள் 70,000 பேர், அதாவது நான்கிலொரு பங்கினர், மடிந்தனரெனக் கொழும்புப் பத்திரிகையொன்று அக்காலத்தில் மதிப்பிட்டது. இத்தொகை மிகையெனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆயினும் வாந்திபேதி அப்பாதையில் பலரைப் பலிகொண்டமை மறுக்கப்படுவதன்று.

வழிநடந்தோர் குடித்ததும் குளித்ததும் கால்கழுவியதும் வழியோரக் குளங்களிலும் ஓடைகளிலுமேயாம். முன்சென்ற கூட்டத்தின் கழிவு பின்வந்த கூட்டத்தின் குடிநீராயிற்று. வாந்திபேதி நீரினால் பரவுவதென்பதை இலண்டனில் ஜோன் சினோ 1854இல் எடுத்துக்காட்டினார். 1884இல் கல்கத்தாவின் குளமொன்றிலேயே அந்நோயின் கிருமியை இராபர்ட் கொக் கண்டார்.

நோய்க்கிருமியை நீரினின்று அகற்றுதல் இயலுமா என்னும் வினாவுக்கு 1892இல் ஜேர்மனியில் விடை கிடைத்தது. ஹம்பேர்க் நகரம் எல்பே ஆற்றுநீரை வடிகட்டாது வழங்கியது. அங்கு அவ்வாண்டில் வாந்திபேதியால் 8,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை அடுத்திருந்த அல்ரோனா நகரமோ, ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பின்னரே அதே ஆற்றின் நீரைப் பெற்றது. எனினும் மணற்படுகையினூடாக மெதுவாக வடித்தே அதனை வழங்கியமையால் பேரழிவினின்று தப்பியது.

அங்கே காத்தது மணல் மட்டுமன்று. மணலின் மேற்பரப்பில் பாசியும் பற்றீரியாவும் ஓரணு உயிர்களும் சேர்ந்து ஒரு படலமாகப் படிகின்றன. மணிக்கு 10 முதல் 20 சென்றிமீற்றர் அளவில் நீர் இறங்குகையில், நோய்க்கிருமிகள் அப்படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஓரணு உயிர்கள் அவற்றை உண்கின்றன. எஞ்சியவை உணவின்றி மடிகின்றன. உயிரைக் கொண்டே நோயுயிரை வெல்லும் இம்முறை கழிவுநீருக்கும் விரிவுபெற்றது. 1914இல் மான்செஸ்ரரில் ஆர்டன், லொக்கெற் என்னும் இருவர், கழிவுநீருக்குக் காற்றூட்டி, அடியில் தங்கும் நுண்ணுயிர்ச் சேற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறையை அறிவித்தனர்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. 100 மில்லிலீற்றர் கழிவுநீரில் ஒரு கோடி குடற்பற்றீரியாக்கள் உளவெனக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அகன்றாலும் ஒரு இலட்சம் எஞ்சும். பச்சையாக உண்ணும் மரக்கறிக்குப் பாய்ச்சும் நீரில் அவ்வெண்ணிக்கை 1,000ஐ விஞ்சலாகாதென உலக சுகாதார நிறுவனம் 1989இல் வரையறுத்தது. ஆதலின், வெயிலும் பாசியும் நீண்ட தங்கலும் கிருமிகளை மாய்க்கும் ஆழமற்ற தடாகங்களோ, குளோரின் போன்ற கிருமிநீக்கமோ அடுத்த படியாக வேண்டப்படுகின்றன.

இவ்வரலாறு மாத்தளைக்கு அயலானதன்று. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மாத்தளை மாவட்டத்து உக்குவளைக்குத் திருப்பப்பட்டது. அந்நீர் சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேர்ந்து, போவத்தன்னையில் பிரிந்து, தம்புள்ளைப் பக்கமாகக் கலாவெவவை நோக்கிச் செல்கின்றது. கண்டி நகரத்தின் கழிவைச் சுமக்கும் மெத எல, பொல்கொல்லைக்கு மேலே கெட்டம்பேயில் மகாவலியுடன் கலக்கின்றது. எனவே, கண்டி கழித்த நீரின் ஒரு பகுதி மாத்தளை வயல்களில் மறுபயன் பெறுகின்றது. அதனை எவரும் மறுபயன்பாடென்று பெயரிட்டு அழைப்பதில்லை என்பதே வேறுபாடு.

ஜப்பானியக் கடனுதவியுடன் கன்னொறுவையில் அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இந்நிலையிலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. அது கண்டியின் தூய்மைக்கு மட்டும் உரிய ஏற்பாடன்று. கீழ்நோக்கி வாழ்வோர்க்கு மேலிருப்போர் ஆற்றும் கடனுமாகும். வடக்குப் பாதையில் மடிந்தோர்க்கு முன்சென்றோரின் கழிவை அறியவோ அகற்றவோ வழியிருக்கவில்லை. இன்று அவ்வழி அறியப்பட்டுள்ளது. அதனைக் கைக்கொள்ளாதிருப்பதற்கு அறியாமையைக் காரணங்காட்டுதல் இனி இயலாது.