மரியாவின் துடுப்பு

மகாபாரதப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சத்தியவதி அரசியான பிறகு எப்பவாவது படகு ஓட்டினாங்களா அம்மா?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றில் ஓடம் செலுத்தி ஆட்களைக் கரையேற்றியவள் அவள். பராசரர் அவளைக் கண்டதும் அந்த ஓடத்தில்தான். ஆனால் கதை அத்தினாபுரத்துக்குள் நுழைந்ததும் அவள் யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்பதே கணக்காகிவிடுகிறது. துடுப்பு எந்தக் கரையில் விழுந்ததென்று யாரும் சொல்வதில்லை.

அந்தக் கேள்வியோடுதான் நான் வெனிஸ் நகரத்தின் வரலாற்றுக்குள் போனேன். காயலுக்கு நடுவே, தீவுகள்மேல் எழுந்த ஊர் அது. தெருவெல்லாம் கால்வாய், காய்கறி வருவதும் பிணம் போவதும் படகில்தான். இப்படிப்பட்ட ஊரில் ஆண்கள் மட்டுமே துடுப்புப் பிடித்திருக்க முடியுமா?

வெனிஸ்காரர்கள் படகு வலிக்கும் முறையே தனி. உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டு வலிப்பதில்லை. நின்றபடி, போகும் திசையைப் பார்த்தபடி, உடலின் எடையைத் துடுப்பின்மேல் சாய்த்து முன்னே தள்ளுகிறார்கள். ஆழமில்லாத, சேறும் மணல்திட்டும் நிறைந்த காயலில் முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். வால்நட் மரத்தில் செதுக்கிய ஃபோர்கோலா என்னும் தாங்கியில் துடுப்பு சும்மா சாய்ந்திருக்கும், கட்டிவைப்பதில்லை. அந்தத் தாங்கியின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை: முன்னே போக, பின்வாங்க, மெல்லத் திரும்ப, நிறுத்த. ஆக இது வெறும் தோள்வலு அல்ல. சமநிலையும் நீரைப் படிக்கத் தெரிந்த அறிவும்தான் இதன் உயிர். "பெண்ணுடம்புக்கு ஆகாது" என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது.

வெனிஸின் காய்கறித் தோட்டம் என்று பெயர் பெற்ற சான்த்தெராஸ்மோ போன்ற தீவுகளிலிருந்தும், மீனவர் குடியிருப்புகளிலிருந்தும் பெண்கள் விளைச்சலையும் மீனையும் ஏற்றிக்கொண்டு நகரச் சந்தைக்குப் படகு வலித்து வந்தார்கள். அதை யாரும் சாதனை என்று சொல்லவில்லை. அடுப்பு மூட்டுவதுபோல, தண்ணீர் சுமப்பதுபோல அதுவும் ஒரு வேலை. அன்றாடம் நடப்பதை எழுதிவைக்க எந்த அரண்மனை எழுத்தர் மெனக்கெடுவார்?

எழுதிவைத்தது வேடிக்கையை. 1493இல் மிலான் அரச குடும்பத்துப் பெண் பியாட்ரிசே தெஸ்தே வெனிஸுக்கு வந்தபோது, அவரை மகிழ்விக்கப் பெண்களின் படகுப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அதற்குப் பிறகும் பெரிய விருந்தினர் வரும்போது பெண்கள் போட்டியில் இறக்கப்பட்டார்கள். தினமும் அதே நீரில் வேர்வை சிந்தியவர்கள் ஒருநாள் மாளிகை மாடங்களுக்குக் காட்சிப்பொருளானார்கள். அவர்கள் வலித்ததை வரலாறு கண்டதே அந்த ஒருநாளில்தான்.

அந்த ஒருநாள்களிலிருந்து ஒரு பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது: மரியா போஸ்கோலா. காயலின் தென்கோடியில் கியோஜ்ஜா ஊர்ப்பக்கத்துப் பெண். 1740இல் வென்றாள். 1784இலும் வென்றாள். நடுவே 44 ஆண்டுகள். முதல் வெற்றியின்போது அவளுக்கு 15 வயது என்றே வைத்துக்கொண்டாலும், கடைசி வெற்றியின்போது 59. நம் ஊரில் அந்த வயதுப் பெண்ணைப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்வோம். போட்டி எப்போதோதான் நடக்கும். அதற்கு மட்டும் துடுப்பை எடுப்பவளால் 44 ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாது. பதிவில் இருப்பவை சில வெற்றிகள். அவற்றுக்கு இடையே பதிவில்லாத ஆயிரம் காலைகள் இருந்திருக்க வேண்டும்.

1797இல் நெப்போலியன் படையிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. பிறகு நீராவிப் படகு வந்தது. அதன்பின் மோட்டார் வந்தது. துடுப்புக்கு அன்றாட வேலை குறைந்தது. மோட்டார் படகுகள் எழுப்பும் அலை கட்டடங்களின் அடிவாரத்தை அரித்தபோது, 1975இல் மக்கள் துடுப்புப் படகுகளோடு காயலில் இறங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். வோகலோங்கா என்னும் அந்தப் பயணம் சுமார் 30 கிலோமீட்டர். இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

துடுப்பில் காசு புரண்ட இடமோ வேறு. கோண்டோலா என்ற சொல் 1094ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. சுற்றுலா பெருகப் பெருக, அதை ஓட்டும் உரிமம் நல்ல வருமானம் தரும் சொத்தானது. ஏறக்குறைய 430 உரிமங்கள். பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு. முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு அந்த உரிமம் கிடைத்தது 2010இல். பெயர் ஜோர்ஜா போஸ்கோலோ. கோண்டோலா ஓட்டியின் மகள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். போஸ்கோலோ என்பது கியோஜ்ஜாவில் பரவலான குடும்பப் பெயர். அவருக்கும் மரியாவுக்கும் உறவு இருந்ததென்று நான் சொல்லவரவில்லை. மரியாவின் கடைசி வெற்றிக்கும் இந்த உரிமத்துக்கும் இடையே 226 ஆண்டுகள் என்பதைத்தான் சொல்கிறேன்.

"முதல் பெண்" என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. எனக்கு அந்தச் சொல்லில் ஓர் உறுத்தல். எதில் முதல்? படகு வலிப்பதிலா? காய்கறி ஏற்றி வந்தவர்கள் முதலில்லையா? சந்தைக்கு வலித்தபோது அது பெண்ணின் கடமை. அரசர் பார்க்க வலித்தபோது கேளிக்கை. கூலியும் உரிமமும் உள்ள தொழிலாக மாறியபோது மட்டும் அது ஆணின் மரபு. வேலை ஒன்றுதான். யாருக்குக் காசு போகிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பெயர் மாறியது.

இன்று வெனிஸில் ரோ வெனிஸ் என்ற அமைப்பில் பெண்கள் ஒன்றுசேர்ந்து பழைய மரப்படகுகளில் இந்த நின்று வலிக்கும் முறையை வருவோர்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். செப்டம்பர் முதல் ஞாயிறன்று நடக்கும் பெரிய போட்டியில் பெண்களுக்கெனத் தனிப் பந்தயமும் உண்டு.

இதையெல்லாம் அடுத்த வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி பழவேற்காட்டுப் பக்கம். முடிந்தபின் மேசையருகே வந்து நின்றாள். "எங்க ஆயா ஏரியில இடுப்பளவு தண்ணியில, பறியை வாயில கடிச்சுக்கிட்டு, கையாலயே எறா தடவிப் பிடிப்பாங்க அம்மா. போன வாரம் ஒரு விண்ணப்பத்துல தொழில்னு கேட்டிருந்தாங்க. இல்லத்தரசின்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கேட்டாள்: "அதை மாத்தி எழுத முடியுமா அம்மா?"