வேலைக்காரன் கம்பு

கல்முனைப் பகுதிக் களவெட்டிகளில், வைக்கோலைக் கிளறி உதறும் கம்புக்கு ‘வேலைக்காரன்’ என்று பெயர். கடகம் ‘பெருவாயன்’, சூடு மிதிக்கும் மாடு ‘வாரிக்காலன்’. பூதம் பொலியைக் கவரும் என்ற அச்சத்தில் பிறந்து, முஸ்லிம்களும் தமிழரும் பொதுவாய் வழங்கிய களமொழி இது. கூலியாளின் உழைப்பையே கம்பின்மேல் ஏற்றிய பெயர் என்பது நம் கருத்து.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. இங்கினியாகலை அணையின் நீர் வந்தது. உழவு இயந்திரங்களும் பெருகின. சூட்டின்மேல் எருமைக்காலுக்குப் பதில் சில்லு சுழன்றது. அவுரியில் ஏறித் தூற்றியவனின் இடத்தை இயந்திர விசிறி பிடித்தது. கம்பு மட்டும் போகவில்லை! சில்லு நசுக்கிய வைக்கோலைப் புரட்டி, சிக்கிய நெல்மணியை உதிர்க்க ஒரு கை வேண்டியிருந்ததே. எருமைக்காலக் கருவி இயந்திரத்துக்கு ஏவலாயிற்று. அதைப் பிடித்தவனுக்கும் கூலி நீடித்தது.

இந்த நூற்றாண்டில் பரவிய அறுவடை இயந்திரமோ, வெட்டுதலையும் அடித்தலையும் ஒரே ஓட்டத்தில் முடித்து, வைக்கோலை வயலிலேயே விட்டுச் செல்கிறது. சூடு வைக்க வேண்டியதில்லை, களவெட்டியும் வேண்டியதில்லை. பழங்கம்புக்குக் காட்சிப்பொருளாகவேனும் ஒரு மூலை கிடைக்கும். கல்லோயாவை வகுப்பில் படிப்பிக்கும் நாம், அக்கம்பைப் பிடித்திருந்த கூலியாள் பின்னர் எவ்வேலைக்குப் போனான் என்று படிப்பிப்பதில்லை. மாணவர் தம் மூத்தவாப்பாமாரிடமும் பாட்டன்மாரிடமும் கேட்டு எழுதி வரட்டும்.