இரண்டு விலைப்பட்டியல்கள்

சொகுசும் வேகமும் சேர்ந்த சிறிய கார் வாங்கப்போகும் நண்பர்கள், பி.எம்.டபிள்யூவா பென்ஸா என்று விலைப்பட்டியல்களை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒரு பழைய கதை.

1950-களில் பி.எம்.டபிள்யூ கம்பெனி, சீமான்களுக்குப் பெரிய வண்டிகளும், ஏழைகளுக்கு முட்டை வடிவ இஸெட்டாவும் செய்தது. நடுத்தரக் குடும்பத்தை மறந்தது. நஷ்டம் கழுத்தை நெரித்தது. 1959 டிசம்பர் 9-ஆம் தேதி, மியூனிக் நகரில் கூடிய பங்குதாரர்கள் முன், கம்பெனியை டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் யோசனை வந்தது. சிறு பங்குதாரர்கள் எதிர்த்து நின்று அதைத் தடுத்துவிட்டார்கள். ஹெர்பர்ட் குவாண்ட் துணிந்து பணம் போட்டார்.

1961-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 1500 என்ற வண்டி வந்தது. நாலு கதவு, 80 குதிரைச் சக்தி! கம்பெனி பிழைத்தது. 1975-ல் 3 ஸீரீஸ் பிறந்தது. 1982-ல் பென்ஸ் கச்சிதமான 190-உடன் போட்டிக்கு இறங்கியது.

ஒப்பிட இன்று இரண்டு பட்டியல்கள் இருப்பதே, அன்று மறுத்த அந்தச் சின்ன மனிதர்களால் அல்லவா?