மூணாவது ஈ பிறந்த கதை

மாம்பழத்தை நறுக்கும்போது உள்ளே புழு நெளிஞ்சா, "இது எப்படி உள்ளே போச்சு?"ன்னு யோசிச்சிருக்கீங்களா? பழ ஈ தோலைத் துளைச்சு முட்டை வைத்த வேலை அது. (வாழைப்பழத்தைச் சுத்துற குட்டி ஈ வேற குடும்பம்.) இந்தப் பதிவு அந்த மாம்பழ ஈயின் அமெரிக்கச் சொந்தக்காரங்களைப் பற்றி. பேரு ரகோலெட்டிஸ்.

இவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழத்தில் புழுவாக வளர்ந்தார்களோ, பெரும்பாலும் அதே பழத்தின் மேல்தான் ஜோடி தேடுவார்கள். ப்ளூபெர்ரி ஈக்கு ப்ளூபெர்ரிதான் கல்யாண மண்டபம். ஸ்னோபெர்ரி ஈக்கு ஸ்னோபெர்ரி. மண்டபமே வேற வேற, அப்புறம் எங்கே சம்பந்தம் பண்றது?

ஹாதார்ன் என்ற காட்டுப்பழத்தில் வாழ்ந்த ரகோலெட்டிஸ் ஒன்று, ஐரோப்பியர்கள் கொண்டுவந்து நட்ட ஆப்பிளுக்குத் தாவியது 1860களில் தெரிய வந்தது. டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த பெஞ்சமின் வால்ஷ், சாப்பாடு மாறினால் ஓர் இனம் இரண்டாகப் பிரியலாம் என்று அப்பவே எழுதினார்.

சரி, ஒண்ணு ரெண்டாகலாம். ரெண்டு சேர்ந்து மூணாவது வருமா? செடிகளில் வரும். விலங்குகளில் வராது என்பதுதான் ரொம்ப நாள் நம்பிக்கை. தங்களுக்குள் கலந்து, மற்றவற்றோடு கலக்காமல் இருப்பதே ஓர் இனம் என்று 1942ல் வரையறுத்தார் எர்ன்ஸ்ட் மயர். கலப்பு என்றாலே கோவேறு கழுதைதான் ஞாபகம் வரும். உழைக்கும், வம்சம் கிடையாது.

இதற்கிடையில், அழகுக்காக ஆசியாவிலிருந்து அமெரிக்கா போன ஹனிசக்கிள் புதர்கள் தோட்டத்தைத் தாண்டிக் காட்டிலும் பரவின. 1990களின் பிற்பகுதியில் அந்தப் பழத்திலும் ரகோலெட்டிஸ் புழு! பென்சில்வேனியாவில் டீட்மர் ஷ்வார்ஸ், ப்ரூஸ் மெக்பெரான் குழுவினர் மரபணுவைப் பார்த்தால், பாதி ப்ளூபெர்ரி ஈ, பாதி ஸ்னோபெர்ரி ஈ. நேற்றுப் பிறந்த கலப்பும் இல்லை. தங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும் தனிக்கூட்டம். ஹனிசக்கிள் அங்கே வந்தே சுமார் 250 வருடம்தான். அதற்குள் இவ்வளவும்!

கலந்ததோடு விட்டிருந்தால், பிள்ளைகள் அம்மா வீட்டுக்கோ அப்பா வீட்டுக்கோ போய்க் கரைஞ்சு போயிருக்கும். காலியாக ஒரு புது மண்டபம் இருந்ததால் தனிக்குடித்தனம் போட்டுவிட்டன.

'நேச்சர்' இதழில் இந்தக் கட்டுரை வந்தது 2005 ஜூலையில். மயர் அதே வருடம் பிப்ரவரியில், நூறு வயதில் காலமாகியிருந்தார். ஆறு மாதம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் மனுஷன்?

கலப்புன்னாலே வம்சம் கெட்டுச்சுன்னு பேசுறவங்க யாராவது மாட்டினால், இந்த ஈக்கதையைச் சொல்லிப் பாருங்க மக்களே.